பூ கேட்டு எடுத்த மொழி

முதல்ல எந்த மொழியைக் கத்துக்கறமோ அதுதான் கடைசி வரைக்கும் கையில நிக்கும்னு எனக்குச் சொன்னது எங்க பெரியவன் பூபதி. போன ஆடிப்பெருக்கு அன்னைக்கு, பெங்களூர்லருந்து லீவுக்கு வந்தவன், கச்சாயப் பலகாரத்தைக் கடிச்சுக்கிட்டே சொன்னான். நீ நினைக்கற தமிழ், இங்கிலீசு இல்லை கண்ணு. கம்ப்யூட்டருக்கு எழுதற மொழி. உனக்கு நான் சொல்லணுமா, பஸ் ஏறுனதுலருந்து மடியில அதை வெச்சுத் தட்டிக்கிட்டுத்தானே வர்றே. அதைப் பார்த்துட்டுத்தான் உன் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். முன்னால சீட்டெல்லாம் காலியாத்தான் கிடந்தது.

நீ கேம் பண்ற வேலையா? இல்லையா. பேங்க்குக்கு எழுதிக் குடுக்கறதா. சரி, அதுவும் அதுதானே. உனக்குப் புரியும்.

எங்க பொண்ணுக்குக் கேம் பண்ணணும். பவதாரணின்னு பேரு, பவான்னு கூப்பிடுவோம். பூபதிக்கு அடுத்து அவதான், அதோட சரி. காலேஜ்ல கணக்குப் படிச்சுட்டு பெருந்துறை மில்லு ஆபீசுல வேலை பார்த்துக்கிட்டிருந்தா. ஒரு நாள் வந்து, அம்மா நான் வேலையை விடப்போறேன், கேம் பண்ணக் கத்துக்கப்போறேன்னா. பாரு, நான் என்ன நினைச்சேன்னா, வேலையை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்து விளையாடப் போறான்னு நினைச்சுட்டேன். விளையாடறது இல்லம்மா, பண்றது, பலகாரம் சாப்பிடறது வேற, சுடறது வேற இல்லையான்னா. அப்பத்தான் புரிஞ்சது.

அவிங்கப்பா அதிகம் பேசமாட்டாரு. மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறாரு. கருகுன மோட்டாரை ஒரு தரம் மோந்து பார்த்துட்டு இது தேறும், இது தேறாதும்பாரு. பெத்த பிள்ளைங்களையும் அப்படித்தான் பார்ப்பாரு. "தை வரைக்கும் உன் இஷ்டம். தை பொறந்துட்டா என் இஷ்டம்"னாரு. அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்கு மேல வீட்டுல பேச்சு கிடையாது. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி பொங்கல் முடிஞ்சு ஆள் எடுக்குதாம். சர்ட்டிபிகேட்டெல்லாம் கேக்கலையாம், நீயே பண்ணுன கேம் ஒண்ணைக் கொண்டாந்து காட்டுன்னு சொல்லியிருக்கறாங்களாம். அதுல எடுத்துட்டா அவிங்கப்பாவும் ஒண்ணும் சொல்ல முடியாது. எடுக்கலைன்னா ஜாதகம் வெளிய போயிரும். இதுதான் அவளுக்கு இருந்த ஆறு மாசம்.

அந்த ஆறு மாசத்துலதான் நான் கையை வெச்சேன்.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு அண்ணனும் தங்கச்சியும் எந்த மொழின்னு சண்டை. ரெண்டு மொழியும் சி-ன்னுதான் ஆரம்பிக்குது. ஒண்ணுக்குப் பின்னால ரெண்டு கூட்டல் குறி. இன்னொண்ணுக்குப் பின்னால குறுக்கயும் நெடுக்கயும் கோடு போட்டு, தோட்டத்துப் படல் மாதிரி. பேரு எனக்கு வாயில வராது. நான் கூட்டல்னும் படல்னும்தான் சொல்லுவேன், அவங்களும் சிரிச்சுட்டு அப்படியே சொல்லப் பழகிட்டாங்க.

பூபதி கூட்டல் கட்சி. அவன் வேலையே அதுலதான், காருக்குள்ள ஓடற கம்ப்யூட்டருக்கு எழுதறான். "லாரி ஓட்டிப் பழகுனா கார் சும்மா வரும் பாப்பா. கஷ்டத்தை முதல்ல படு"ன்னான்.

"எனக்கு லாரி ஓட்டற வேலையே இல்லையே அண்ணா. எனக்கு ஒரு டவுன் பஸ்ஸு ஓடுனாப் போதும். படல்ல எழுதுனா மொத நாளே ஸ்க்ரீன்ல ஏதாவது நகரும். அதைப் பார்த்தாத்தான் எனக்கு அடுத்த நாள் எந்திரிக்கத் தோணும்"னா.

"நகரும் நகரும். எதுக்கு நகருதுன்னு தெரியாது. முதல்ல கத்துக்கறதுதான்டி கடைசி வரைக்கும் கையில நிக்கும்."

"உனக்குக் கையில நின்னுதான் தலையில முடி நிக்கலை."

அவிங்கப்பாகூடச் சிரிச்சுட்டாரு. நான்தான் சிரிக்கலை. கடைசி வரைக்கும் நிக்கும்னு சொல்லிட்டானே, அது என் நெஞ்சுல போய் உட்கார்ந்துக்கிச்சு. கடைசி வரைக்கும் நிக்கறதுன்னா அது கல்யாணம் மாதிரிதானே. அதை இப்படி பலகாரத்தட்டு முன்னால உட்கார்ந்து பேசி முடிக்கறதா? நான் சொன்னேன், எதுக்குச் சண்டை, ஆத்தாகிட்டப் பூ கேட்டுரலாம்னு.

உங்க பக்கம் பூ கேக்கற வழக்கம் உண்டா? இல்லையா. எங்க பக்கம் முக்கியமான காரியம் எதுன்னாலும் கேட்டுட்டுத்தான் செய்வோம். வெள்ளை அரளி ஒரு இலையில, செவ்வரளி ஒரு இலையில, வெளிய தெரியாமப் பொட்டணம் கட்டி அம்மன் முன்னால போடுவாரு பூசாரி. அங்க நிக்கற ஏதாவது குழந்தையைக் கூப்பிட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாரு. வெள்ளை வந்தா உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம். தோட்டத்துல போர் போட்டப்பக் கேட்டோம், தண்ணி வந்தது. பூபதிக்குப் பொண்ணு பார்த்தப்பக் கேட்டோம், நல்ல மருமகதான் வந்திருக்கறா.

"அம்மா, ஆத்தாளுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"ன்னான் பூபதி.

"போர் போடத் தெரியுமான்னு நீ கேக்கலையே"ன்னேன்.

பவாதான் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, சரிம்மா, கேட்டுரலாம், யார் சொன்னாலும் ஒண்ணை ஆரம்பிச்சாகணும்தானேன்னா. அவ அப்படித்தான். எனக்காகன்னா எதுக்கும் சரிம்பா.

வெள்ளிக்கிழமை போனோம். வெள்ளைன்னா கூட்டல், சிவப்புன்னா படல்னு நான் வீட்டுலயே மனசுல முடிச்சு வெச்சுட்டேன். ஆடி வெள்ளி, கூட்டம் நெரியுது. பவா தேங்காய் உடைக்கற வரிசையில வெளிய நின்னுட்டா. நான் உள்ள போனேன். பூசாரி, "என்ன காரியமுங்க அம்மிணி?"ன்னு கேட்டாரு. சொல்றதுக்கு வீட்டுலருந்தே பழகிட்டுத்தான் போனேன் கண்ணு. ஆனா அந்த இடத்துல, பின்னால அத்தனை பேர் நெட்டித் தள்றாங்க, கூட்டல்னு சொல்றதா படல்னு சொல்றதா, கேமுன்னு சொன்னா அவருக்கு என்ன விளங்கும், எனக்கு வாயே வரலை. அவரே, "பாப்பா கல்யாணங்களா?"ன்னாரு.

நான் தலையை ஆட்டிட்டேன்.

அவரு சத்தமா அம்மனைப் பார்த்து, "ஆத்தா, இந்தப் பிள்ளைக்கு இந்தத் தையில மாலை கூடும்னா வெள்ளையைக் குடு"ன்னாரு. நான் குறுக்க பேசியிருக்கலாம். பேசலை. ஏன்னா, பாரு, அவரு அப்படிச் சொன்னப்ப எனக்கு வெயில்ல நடந்து வந்து மோர் குடிச்ச மாதிரி இருந்தது. ஒரு குட்டிப் பொண்ணு வந்து பொட்டணத்தை எடுத்துச்சு. பிரிச்சாரு. வெள்ளை.

வெளிய வந்து பவாகிட்டச் சொன்னேன், ஆத்தா கூட்டலைக் குடுத்துட்டா சாமின்னு.

அது பொய்யா கண்ணு? வெள்ளை வந்தது நிஜம். வெள்ளைக்குக் கூட்டல்னு நான் நினைச்சு வெச்சிருந்ததும் நிஜம். அவ சிரிச்சா. "அண்ணன் பெங்களூர்லருந்து ஆத்தாளுக்கு என்னமோ அனுப்பிட்டான் போல"ன்னா. அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டா.

அவிங்கப்பாவும் கேட்டாரு, கோயில்ல என்னாச்சுன்னு. அவருகிட்ட என்ன சொன்னேன்னா, தையில மாலை கூடும்னு உத்தரவு ஆயிருச்சுங்கன்னு சொன்னேன். அதுவும் நிஜம்தானே. பூசாரி அதைத்தானே கேட்டாரு. ஒரே பூ. பொண்ணுகிட்ட ஒண்ணாச் சொன்னேன், அப்பன்கிட்ட ஒண்ணாச் சொன்னேன். ரெண்டு பேரும் தனித்தனியாச் சந்தோசமா இருந்தாங்க. நான் மட்டும்தான் விளக்கு வெக்கறப்ப ஆத்தா படத்தை நேராப் பார்க்கமாட்டேன்.

ஆவணி போச்சு. அந்த மொழி அவளைப் படுத்துன பாடு எனக்குப் பார்த்தாலே தெரியும். எழுதுவா, ஓட்டிப் பார்ப்பா, ஒரே சிவப்பு எழுத்தாக் கொட்டும். ஒரு புள்ளி விட்டுப்போனா பக்கம் பக்கமாத் திட்டுதும்மாம்பா. வெள்ளிக்கிழமையானா அந்தக் கம்ப்யூட்டருக்கு நான் மஞ்சள் குங்குமம் வெச்சுருவேன். அவ துடைச்சுட்டு உட்காருவா. கோவிச்சுக்கமாட்டா. துடைச்ச துணியை மடிச்சுச் சாமி அலமாரியில வெச்சுருவா, குங்குமம் துடைச்சதாச்சேன்னு.

புரட்டாசியில ஒரு நாள் அடுப்படிக்கு வந்து நின்னா. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். "அம்மா, இதை விட்டுட்டுப் படலைக் கத்துக்கட்டுமா? ரெண்டு மாசமாச்சு. இன்னும் நான் கேமையே ஆரம்பிக்கலைம்மா. ஸ்க்ரீன்ல வெறும் ஜன்னல் ஒண்ணைத் திறக்கறதுக்கே பாதி உசுரு போகுது"ன்னா. என்கிட்ட உத்தரவு கேக்கறா பாரு. எப்பேர்ப்பட்ட பிள்ளை அவ. வேற பொண்ணுன்னா தானா மாத்திட்டுப் போயிருக்கும், எனக்கு எது கூட்டல் எது படல்னு தெரியவா போகுது?

"ஆத்தா குடுத்த வாக்கு கண்ணு, அதை நாம மாத்தலாமா?"ன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை நான். யாரை வேணும்னாலும் கேட்டுக்க, வற்புறுத்தறது என் பழக்கமே இல்லை. புரட்டாசி சனிக்கிழமை விரதம் நான் எப்பவும் இருக்கறதுதான். அந்த வாரம் ஞாயிறும் திங்களும்கூட எனக்குச் சாப்பிடப் பிடிக்கலை. அவ்வளவுதான். சத்தம் போட்டு அழக்கூட இல்லை. திங்கக்கிழமை சாயங்காலம் அவளே தட்டுல தோசையை வெச்சுக்கிட்டு வந்து, "சாப்பிடும்மா. நான் மாத்தலை"ன்னா. எனக்கு அப்பத்தான் பசியே எடுத்தது.

நீ ஏன் அப்படிப் பார்க்கறே? நான் நல்லதுக்குத்தான் கண்ணு சாப்பிடாம இருந்தேன். ஆத்தா வாக்கைத் தள்ளுனா பிள்ளைக்கு ஏதாவது ஆயிருமேன்னு பயம்.

அது என்ன வாக்குன்னு எனக்குத் தெரியும்தான். தெரிஞ்சுதான் பயந்தேன். அதை எப்படிச் சொல்றது.

கார்த்திகையில ஒரு நாள், அம்மா வா, ஒண்ணு காட்டறேன்னு கூப்பிட்டா. கையைத் துடைச்சுக்கிட்டுப் போனேன். கருப்பா ஒரு ஸ்க்ரீன். அதுல வெள்ளையா ஒரு கட்டம். பொத்தானை அமுத்துனா அந்தக் கட்டம் வலது பக்கம் போகுது, இடது பக்கம் வருது. "இதுதாம்மா கண்டக்டர்"னா. அவ கேமு என்னன்னா, கூட்டமான டவுன் பஸ்ஸுல கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பு வர்றதுக்குள்ள எல்லாருக்கும் டிக்கெட் குடுத்து, சரியாச் சில்லறை குடுத்து, படியில தொங்கறவனையும் உள்ள ஏத்தணும். காலேஜுக்குப் போன பஸ்ஸுல நின்னுக்கிட்டே யோசிச்சதாம். எனக்கே அது கேக்க நல்லாத்தான் இருந்தது.

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டு, "நல்லாயிருக்குது சாமி. கண்டக்டருக்குக் கை காலெல்லாம் எப்ப வரும்?"னு கேட்டேன்.

நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அவ அப்படியே மேசையில தலையைக் கவுத்துக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. மில்லுல மேனேஜர் திட்டுனப்பக்கூட அழாத பிள்ளை. எனக்குக் கை ஓடலை, கால் ஓடலை. பூபதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"ஏன்டா, நீதானே சொன்னே, முதல்ல கத்துக்கறதுதான் கடைசி வரைக்கும் நிக்கும்னு? பிள்ளை இப்படி அழுகுது, இதுதான் நிக்கறதா?"

அவனுக்கு முதல்ல புரியலை. விசயத்தைச் சொன்னதும், "அம்மா, அது அன்னைக்கு வாய்க்கு வந்ததும்மா. இவகிட்டத் தோக்கக்கூடாதுன்னு பேசுனது. நான் காலேஜ்ல முதல்ல கத்துக்கிட்டது வேற எதுவோ, இப்ப அதுல என் பேரைக்கூட எழுத வராது. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு கொஞ்ச நாள்ல வந்துரும். கேம் பண்றவங்களுக்கு எதுல கை ஓடுதோ அதுல ஆரம்பிச்சாப் போதும். இவ இன்னும் மாத்தலையா?"ன்னான்.

"ஆத்தா வாக்குடா."

"நீ இதைத் தூக்கிக்கிட்டு நிஜமாவே கோயிலுக்குப் போவேன்னு நான் என்னம்மா கண்டேன்."

பவா தலையைத் தூக்கி ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கிட்டிருந்தா. அடுத்த நாள் காலையில துணியை எடுத்து வெச்சா. கோயம்புத்தூர்ல அவகூடப் படிச்ச மிருதுளான்னு ஒரு பொண்ணு ரூம் எடுத்திருக்குது, அங்க போறேன், அங்க இருந்தாத்தான் எனக்கு ஓடும்னா. வாசல்ல செருப்பு மாட்டறப்ப என் கையைப் பிடிச்சு என்ன சொன்னா தெரியுமா? "நான் படலைக் கத்துக்கப்போறேம்மா. ஆத்தா வாக்கை மீறறது நான்தான், நீயில்லை. பாவம் எதுவும் உன் மேல வராது. எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுரு"ன்னா.

கண்ணு, அப்பவாவது நான் சொல்லியிருக்கணும். அது வாக்கே இல்லடி, பூசாரி கேட்டது வேறன்னு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

இப்ப நல்லாப் பண்றாளாம். கண்டக்டருக்குக் கை, கால், தோள்ல பை, காதுல பேனா வரைக்கும் வந்துருச்சாம். ஆனா ஒவ்வொரு போன்லயும் கேக்கறா, ஆத்தாகிட்டக் கேட்டியாம்மா, கேட்டியாம்மான்னு. நேத்துக் கூப்பிட்டா. குரலே சரியில்லை. "பஸ்ஸு கிளம்புது, எல்லாரும் ஏறறாங்க, கண்டக்டர் டிக்கெட் குடுக்கறாரு. சில்லறை குடுக்கற இடத்துல மட்டும் அப்படியே நின்னு போகுதும்மா. எங்க தப்புன்னு ரெண்டு நாளாத் தேடறேன். வியாழக்கிழமை கம்பெனியில காட்டணும். வாக்கை மீறுனதாலயாம்மா இப்படி?"ன்னா.

மத்த பிள்ளைங்க தப்பு வந்தா எழுதுனதுல தேடும். இவ எழுதுனதுலயும் தேடறா, சாமிகிட்டயும் தேடறா. நான் என்ன சொன்னேன்? "வேண்டிக்கறேன் சாமி"ன்னேன். போனை வெச்சுட்டுப் போய் நெய் விளக்கு ஏத்துனேன்.

இப்ப எதுக்குப் போறேன்னா, அவளைக் கூட்டிக்கிட்டு வர. ஞாயித்துக்கிழமை திருப்பூர்லருந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. தை பொறந்துருச்சில்ல. அதுவும் ஆத்தாளே உத்தரவு குடுத்த தைன்னு அவிங்கப்பாவுக்கு அத்தனை நம்பிக்கை, ஒரு வார்த்தை என்கிட்டக் கேக்காம நாள் சொல்லிட்டாரு. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன். இந்தப் பையில அவளோட அரக்குப் பட்டும், வளையலும் இருக்குது. "ஒரு நாளைக்குத்தானே, வந்துட்டுப் போகட்டும். நீ போனா வந்துருவா"ன்னு பஸ் ஏத்திவிட்டாரு. அவளுக்கு நான் வர்றது தெரியும். "ஒரு நாள் இல்லம்மா. வந்தா அதுக்கப்புறம் வியாழக்கிழமை கிடையாது. உனக்கே தெரியும்"னா. வர்றேன்னும் சொல்லலை, வரமாட்டேன்னும் சொல்லலை.

அவரு சொன்னது சரிதான். நான் போனா வந்துருவா. நான் வாயே திறக்க வேண்டியதில்லை. இந்தப் பையோட அந்த ரூம் வாசல்ல போய் நின்னாப் போதும், என் மூஞ்சியைப் பார்த்துட்டு, சரிம்மான்னு கம்ப்யூட்டரை மூடிருவா.

என்ன கேட்டே? அவகிட்ட நிஜத்தைச் சொல்லிட்டா என்னன்னா? நீ சின்னப் பொண்ணு, சொல்லிட்டே. பெத்தவளைப் பத்திப் பிள்ளைங்க மனசுல ஒரு இடம் வெச்சிருக்கும். எங்கம்மா சாமி கும்பிடறவ, பொய் பேசாதவன்னு அவ எல்லார்கிட்டயும் சொல்லுவா. அந்த இடம் போயிருமே கண்ணு. ஆத்தாகிட்ட நான் ஒவ்வொரு வெள்ளியும் மன்னிப்புக் கேக்கறேன். ஆத்தா மன்னிச்சுருவா, எனக்குத் தெரியுது. அதுக்கும் இவ சில்லறை குடுக்கற இடத்துல நிக்கறதுக்கும் சம்பந்தமில்லாமப் போயிருச்சே, அதுதான் எனக்குத் தாங்கலை. நான் கும்பிட்டுக் கும்பிட்டு என் பாரத்தை இறக்கி வெச்சுட்டேன். அவ இன்னும் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கறா.

அவிநாசி தாண்டிட்டமா? அடுத்து கருமத்தம்பட்டியா. அங்க எதிர்ப்பக்கம் பெருந்துறை பஸ் நிக்கும்ல?

நான் இறங்கிக்கறேன் கண்ணு. திரும்பிப் போய் அவிங்கப்பாகிட்டச் சொல்லிக்கறேன். என்ன சொல்றதுன்னு தெரியலை, போற வழியில யோசிச்சுக்கறேன். கத்துவாரு. கத்தட்டும். திருப்பூர்க்காரங்களுக்கு ஒரு போன் போட்டாச் சரியாப் போகுது, அவங்களுக்கு வேற பொண்ணா இல்லை.

இந்தா, என் போன். பவான்னு போட்டிருக்கும் பாரு, மெசேஜ் அனுப்பற அந்தப் பச்சைப் பொட்டுக்குள்ள. அம்மா வரலைன்னு எழுது. பாதி வழியில பஸ் ஒத்துக்கலை, தலை சுத்துச்சு, திரும்பிட்டேன்னு எழுது. வேண்டாம். அதை எழுதாதே, இன்னொரு பொய் எதுக்கு. அம்மா வரலை, ஞாயித்துக்கிழமை நீயும் வர வேண்டாம், வியாழக்கிழமை வேலையைப் பாருன்னு எழுது. எழுதிட்டியா. சரி.

அந்தப் பூ சங்கதி இருக்குது பாரு. நானும் மெதுவாத் தட்டுவேன், ஒவ்வொரு எழுத்தா வந்துரும். ஆனா அது மட்டும் என் விரல்ல வராது கண்ணு, காலையிலருந்து பார்த்துட்டேன். நீதான் எல்லாத்தையும் கேட்டியே. கீழயே அதையும் எழுதி, அம்மான்னு என் பேரைப் போட்டு, நான் இறங்கறதுக்குள்ள அனுப்பிரு.